கிரீன் கார்டு திருமண நேர்காணல்: மொழிபெயர்ப்பாளராக யாரை அழைத்துச் செல்லலாம்? விதிகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: அமெரிக்கக் குடிமக்களை மணந்து, அதன் அடிப்படையில் அந்நாட்டில் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) கோரும் இந்தியர்கள், குடியேற்ற அதிகாரி ஒருவரின் முன்னிலையில் கணவனும் மனைவியுமாக அமர்ந்து கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டியுள்ளது. ஆங்கிலம் சரளமாகப் பேச இயலாதவர்கள் தங்களுடன் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்ல அனுமதி உண்டு. எனினும் அந்த மொழிபெயர்ப்பாளர் யாராக இருக்க வேண்டும், அவருக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் பல குடும்பங்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை. உறவினரில் யாரோ ஒருவர் 'கூட வந்து பேசிவிடுவார்' என்ற எண்ணத்திலேயே நேர்காணலுக்குச் சென்றுவிடுகின்றனர்.

இதில் உள்ள ஆபத்து சிறியதன்று. தம்பதியரின் திருமணம் உண்மையானதுதானா, குடியேற்றப் பலனுக்காக மட்டும் செய்துகொள்ளப்பட்டதா என்பதை அதிகாரி முடிவு செய்யும் இடம் அது. கணவர் சொன்னதும் மனைவி சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அந்த முரண் எங்கிருந்து வந்தது என்பது கோப்பில் பதிவாகாமல் போகலாம். பதில் மாறியதா, பெயர்ப்பு மாறியதா என்று பின்னாளில் நிரூபிப்பது எளிதன்று.

அதிகாரி எதைத் தேடுகிறார்?

அமெரிக்கக் குடிமகன் தன் மனைவிக்காகவோ, குடிமகள் தன் கணவருக்காகவோ ஐ-130 என்ற மனுவைத் தாக்கல் செய்கிறார். வாழ்க்கைத் துணை ஏற்கெனவே அமெரிக்காவில் சட்டப்படி நுழைந்து தங்கியிருந்தால், ஐ-485 என்ற விண்ணப்பத்தின் வழியாக அங்கிருந்தபடியே வசிப்புரிமை கோர முடியும். இதற்கான நேர்காணலை அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைகள் துறை (யுஎஸ்சிஐஎஸ்) தனது உள்ளூர் அலுவலகங்களில் நடத்துகிறது. பொதுவாக இருவரும் நேரில் வர வேண்டும். இருவருமே சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கேள்விகள் தொடங்கும்.

திருமணம் செய்துகொண்ட நேரத்தில் சேர்ந்து வாழ்க்கை நடத்தும் நோக்கம் இருவருக்கும் இருந்ததா என்பதே சட்டத்தின் அளவுகோல். அதை அறிய அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள், திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், வாடகையை யார் கட்டுகிறார், காலையில் முதலில் எழுவது யார், கடந்த வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்ற வகையில் அவை அமையும். இவற்றுக்குத் தாய்மொழியில் யோசிக்காமல் பதில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் தடுமாறிச் சொல்லும்போதுதான் அது மனப்பாடம் செய்த பதிலாகவோ மழுப்பலாகவோ தோன்றுகிறது.

சந்தேகம் எழுந்தால் தம்பதியரைப் பிரித்து, தனித்தனி அறையில் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதில்களை ஒப்பிடும் முறையும் உண்டு. 1970களில் நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கின் பெயரால் இது 'ஸ்டோக்ஸ் நேர்காணல்' என்று அழைக்கப்படுகிறது. போலித் திருமணம் என்று முடிவானால் விளைவுகள் கடுமையானவை. தெரிந்தே அத்தகைய திருமணத்தில் ஈடுபட்டவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும், 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வழக்கு தொடரப்படாவிட்டாலும், அத்தகைய முடிவு கோப்பில் பதிவானால் அந்த நபருக்காகப் பிற்காலத்தில் யார் மனு செய்தாலும் அது ஏற்கப்படாத நிலை உருவாகும். பின்னர் அவர் உண்மையாகவே ஒருவரை மணந்தாலும் இதே நிலைதான்.

மொழிபெயர்ப்பாளரை அரசு தருமா?

தராது. யுஎஸ்சிஐஎஸ் உள்ளூர் அலுவலகங்களில் நடைபெறும் இந்த வகை நேர்காணல்களுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது விண்ணப்பதாரரின் பொறுப்பு. செலவும் அவருடையதே. அதிகாரிக்கே விண்ணப்பதாரரின் மொழி தெரிந்திருந்தால் அம்மொழியிலேயே நேர்காணலை நடத்த அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தமிழோ, தெலுங்கோ, குஜராத்தியோ தெரிந்த அதிகாரி வாய்ப்பார் என்று நம்பிச் செல்ல முடியாது.

2025ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்து ஆணை பிறப்பித்தார். ஆங்கிலப் புலமை குறைந்தவர்களுக்கு அரசுத் துறைகள் மொழி உதவி வழங்குவது தொடர்பான 2000ஆம் ஆண்டின் ஆணை அதன் மூலம் ரத்து செய்யப்பட்டது. இதனால் இனி நேர்காணலில் தாய்மொழியே பேசக் கூடாது என்ற பொருளில் சமூக ஊடகங்களில் பரவும் தகவல்களை நம்ப வேண்டியதில்லை. திருமண அடிப்படையிலான நேர்காணலில் சொந்த மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருவது அந்த ஆணைக்கு முன்பிருந்தே நடைமுறையில் உள்ள விதி.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவலாக உள்ளது. ஆங்கிலம் தெரியாது என்று காட்டிக்கொண்டால் கிரீன் கார்டு மறுக்கப்படும் என்பது அது. வசிப்புரிமை பெற ஆங்கிலத் தேர்வு எதுவும் கிடையாது. பின்னாளில் குடியுரிமை கோரும்போதுதான் ஆங்கிலத் தேர்வு வருகிறது. எனவே மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்வது விண்ணப்பத்துக்கு எதிரான புள்ளி ஆகாது. உண்மையில், ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்களே அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள். கேள்வி பாதி புரிந்த நிலையில், மரியாதை கருதி 'எஸ் சார்' என்று தலையசைத்துவிடுவது நம்மவர்களின் பழக்கம். சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொல்லப்படும் 'எஸ்' ஒரு வாக்குமூலம்.

யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது?

உள்ளூர் அலுவலக நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளரின் பங்கு குறித்து யுஎஸ்சிஐஎஸ் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது அதே ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திலும் விண்ணப்பதாரரின் மொழியிலும் சரளமாக இருக்க வேண்டும். நடுநிலையானவராகவும் இருக்க வேண்டும். 18 வயது நிறைந்தவராக இருத்தல் அவசியம். தகுந்த காரணம் இருந்தால் 14 முதல் 17 வயது வரையுள்ளவரை அதிகாரி அனுமதிக்கலாம். அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை. விண்ணப்பதாரருக்காக ஆஜராகும் வழக்கறிஞர் அதே நேர்காணலில் மொழிபெயர்ப்பாளராகவும் செயல்பட முடியாது. அந்த வழக்கில் சாட்சியாக இருப்பவருக்கும் பொதுவாக இடமில்லை.

தொழில்முறைச் சான்றிதழ் எதுவும் கேட்கப்படுவதில்லை. இதனால்தான் உறவினர்கள் உள்ளே வருகிறார்கள். உறவினர் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா அதிகாரிகளும் மறுத்துவிடுவதில்லை. அது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. ஆனால் திருமண வழக்கில், அந்தத் திருமணம் ஏற்கப்பட வேண்டும் என்று விரும்பும் மைத்துனரோ மாமனாரோ நடுநிலையானவர் என்று அதிகாரியை நம்பவைப்பது கடினம். கணவரே மனைவிக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்வது அதைவிடச் சிக்கலானது. யாருடைய பதிலைச் சரிபார்க்க வேண்டுமோ, அவர் வழியாகவே பதிலைக் கேட்பது எப்படி என்ற கேள்வி இயல்பாகவே எழும். தனித்தனியே விசாரிக்க முடிவானால் அந்த ஏற்பாடு அத்துடன் முடிந்துவிடும்.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டில் கணவர் வீட்டாரை மட்டுமே அறிந்த ஒரு பெண், அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர் வழியாகவே அரசு அதிகாரியிடம் பேச வேண்டியிருந்தால், வீட்டில் நடக்கும் வன்முறையைப் பற்றி அவரால் வாய்திறக்க முடியாது. துன்புறுத்தும் கணவரின் துணையின்றித் தானே மனு செய்யும் வழியை அமெரிக்கச் சட்டம் 1994 முதல் அளிக்கிறது. ஐ-360 என்ற படிவம் அதற்கானது. வெளியாள் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருப்பது, அப்பெண் தன் சொந்தக் குரலில் பேசுவதற்கான குறைந்தபட்சப் பாதுகாப்பு. மகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர், மொழிபெயர்ப்பாளருக்கான கட்டணத்தை வீண்செலவாகக் கருதாமல் இருப்பது நல்லது.

ஜி-1256 என்ற படிவம்

நேர்காணல் நாளன்று மொழிபெயர்ப்பாளர் அரசு வழங்கிய, காலாவதியாகாத அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அவரும் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். ஜி-1256 என்ற உறுதிமொழிப் படிவத்தில் விண்ணப்பதாரரும் மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்திடுகின்றனர். இதை வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துச் செல்லக் கூடாது. அதிகாரியின் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். தனிப்பட்ட விவரங்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவரும் என்பதை உணர்ந்திருப்பதாக விண்ணப்பதாரர் அதில் ஒப்புக்கொள்கிறார். கூட்டாமலும் குறைக்காமலும் சொந்தக் கருத்தைச் சேர்க்காமலும் பெயர்ப்பதாகவும், கேட்டதை வெளியே சொல்வதில்லை என்றும் மொழிபெயர்ப்பாளர் உறுதியளிக்கிறார்.

தகுதியில்லை என்றோ, பதிலைச் சொல்லிக்கொடுக்கிறார் என்றோ தோன்றினால் மொழிபெயர்ப்பாளரை விலக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மாற்று ஆள் இல்லாதபோது நேர்காணல் வேறு நாளுக்குத் தள்ளிப்போகும். பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த தேதி அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

'மாமா' என்றால் யார்?

எழுத்தில் உள்ளதைப் பெயர்ப்பதும், எதிரே இருப்பவரின் பேச்சை அந்தக் கணமே பெயர்ப்பதும் வெவ்வேறு தொழில்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுச்சேரியில் ஆளுநர் தூப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பதவிப் பெயருக்கு 'இருமொழியாளர்' என்பதே பொருள். ஆனால் இரு மொழிகள் தெரிந்திருப்பது மட்டுமே இந்தப் பணிக்குப் போதுவதில்லை. திருமண நேர்காணலில் பேசப்படுவது முழுக்க முழுக்க உறவும் வீடும் நாளும் கிழமையும். இந்திய மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் மிக அதிக இடைவெளி உள்ள பகுதிகள் இவையே.

'மாமா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தாயின் உடன்பிறந்தவர், அத்தையின் கணவர், மாமனார் ஆகிய மூவரும் மாமாதான். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மனைவி கணவரை அழைப்பதும் 'மாமா' என்றுதான். ரத்த உறவு எதுவும் இல்லாதபோதும் அப்படி அழைப்பதுண்டு. "மாமாதான் என்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தார்" என்ற வாக்கியத்தை 'அங்கிள்' என்று பெயர்த்தால், கணவர் வரவே இல்லை என்று பதிவாகும். அல்லது மணந்தவர் தாய்மாமனோ என்ற ஐயம் எழும். அதுவும் விளையாட்டான விஷயமன்று. நெருங்கிய ரத்த உறவில் நடக்கும் திருமணங்களைப் பல அமெரிக்க மாநிலங்களின் சட்டங்கள் ஏற்பதில்லை. உண்மையிலேயே சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் இது பற்றி முன்கூட்டியே வழக்கறிஞரிடம் பேசிக்கொள்வது அவசியம்.

'எங்கள் வீடு' இன்னொரு கண்ணி. திருமணமான பெண் "போன மாதம் எங்க வீட்டில் இருந்தேன்" என்றால் அது பிறந்த வீடு என்பது தமிழ் கேட்பவருக்குத் தெரியும். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், கணவருடன் வசிக்கும் வீட்டில் இருந்ததாகிவிடும். அதே மாதம் மனைவி ஊருக்குப் போயிருந்தார் என்று கணவர் சொல்லியிருந்தால் முரண் ரெடி. 'அவங்க வந்தாங்க' என்பது மாமியார் ஒருவர் வந்ததையும் குறிக்கும். நான்கு பேர் வந்ததையும் குறிக்கும். இந்தி பேசுவோருக்கு வேறு வகைச் சிக்கல். 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கிறது. 'பாய்' என்பது உடன்பிறந்தவனையும் சித்தப்பா மகனையும் குறிக்கும். கணவருக்குச் சகோதரர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒருவர் இரண்டு என்றும், மற்றவர் ஐந்து என்றும் சொல்வது இப்படித்தான்.

எல்லாவற்றையும்விட அபாயமானது எதிர்மறைக் கேள்வி. "இதற்கு முன் உங்களுக்குத் திருமணம் ஆகவில்லையா?" என்று கேட்டால், ஆகவில்லை என்ற பொருளில் நாம் "ஆமாம்" என்போம். அதை 'எஸ்' என்று பெயர்த்தால், ஆங்கிலம் கேட்கும் காதுக்கு முன்பே ஒரு திருமணம் ஆகியிருக்கிறது என்று ஒலிக்கக்கூடும். பயிற்சி பெற்றவர் அங்கே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், முழு வாக்கியமாக விண்ணப்பதாரரிடமிருந்து பெற்றுத் தருவார். பொருள் இருவிதமாக இருந்தால், விண்ணப்பதாரரிடம் தனியே பேசித் தெளிந்துகொள்ளாமல், விளக்கம் கேட்க அனுமதி வேண்டும் என்று முதலில் அதிகாரியிடம் சொல்வார். அதிகாரிக்குப் புரியாத மொழியில் இரண்டு நிமிடம் உரையாடிவிட்டு ஒரு வரியில் பதில் சொல்வதைப் போலச் சந்தேகம் எழுப்பும் காட்சி வேறில்லை. "அவள் சொல்கிறாள்" என்று தொடங்காமல், 'நான்' என்று விண்ணப்பதாரரின் தன்மையிலேயே பெயர்ப்பதும் இத்தொழிலின் அடிப்படைப் பழக்கம்.

மொழியின் பெயரையும் சரியாகக் குறிப்பிட வேண்டும். பஞ்சாபி மட்டும் பேசும் பெண்ணுக்கு இந்தி மொழிபெயர்ப்பாளர் போதாது. யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவருக்கு, அந்த வழக்கு பழகாத சென்னைக்காரர் திணறக்கூடும். நேர்காணலுக்கு முன் இருவரும் ஒருமுறை தொலைபேசியில் பொதுவாகப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. பதில்களை ஒத்திகை பார்ப்பதுதான் தவறு.

தேதிகளும் ஆவணங்களும்

திருமண நாள் எது என்ற கேள்விக்கே இந்தியர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் தாலி கட்டிய நாள் ஒன்று, பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்ட நாள் மற்றொன்று. திருமணப் பதிவைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 2006இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆகவே சான்றிதழில் இரு தேதிகளும் இருக்கும். மனைவி ஒன்றையும் கணவர் மற்றொன்றையும் சொன்னால் இருவரும் உண்மையே பேசியிருப்பார்கள். ஆனால் அதிகாரிக்கு அதை யாராவது விளக்க வேண்டும். அதை விண்ணப்பதாரரே சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொண்டு விளக்கக் கூடாது. 'தை மாதம்' என்பதை ஜனவரி என்று பெயர்ப்பதும் சரியாகாது. தை, ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில்தான் முடிகிறது. வருமானத்தைப் பற்றிய பேச்சில் லட்சத்தை மில்லியனாக்கிவிடும் பிழையும் அடிக்கடி நேர்வதே. 10 லட்சம்தான் ஒரு மில்லியன்.

ஆங்கிலம் அல்லாத மொழியில் உள்ள ஆவணங்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்றும், பெயர்க்கும் தகுதி தமக்கு உண்டு என்றும் மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதுமானது. நேர்காணலில் சொல்லப்படும் பெயர்களும் ஊர்களும் இந்த மொழிபெயர்ப்பில் உள்ள எழுத்துக்கூட்டலுடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக விரித்தெழுதிய தமிழர்களுக்கு இது கூடுதல் வேலை.

இந்தியாவில் நடக்கும் நேர்காணல்

வாழ்க்கைத் துணை இந்தியாவிலேயே இருந்தால் நேர்காணல் அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் நடக்கும். மனு செய்த கணவரோ மனைவியோ உடன் இருப்பது கட்டாயமில்லை. பெரும்பாலும் விண்ணப்பதாரர் தனியாகவே சாளரத்தின் முன் நிற்கிறார். இங்கே ஜி-1256 நடைமுறை பொருந்தாது. இந்திய மொழிகள் தெரிந்த தூதரக ஊழியர்கள் உதவுவதால் சொந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுவாகத் தேவை எழுவதில்லை. எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு நடுவில் மாறுவதைவிட அது மேல்.

பெயர்ப்பு தவறினால்

பெயர்ப்பு தவறாகப் போவது தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். கேள்வியைத் திரும்பக் கேட்கும்படி கோருவதும், முன்பு சொன்ன பதிலைத் திருத்துவதும் அனுமதிக்கப்பட்டவையே. கணவருக்கு இரு மொழிகளும் தெரிந்து, பிழையைக் கவனித்தாரானால், குறுக்கிட்டுத் தாமே பதில் சொல்லாமல், பெயர்ப்பில் ஒரு ஐயம் இருக்கிறது என்று மட்டும் அதிகாரியிடம் கூறலாம். வழக்கறிஞர் உடன் இருந்தால் அவர் அதைப் பதிவு செய்யச் சொல்வார். வெளியே வந்த பிறகு நினைவுக்கு வந்தால், எந்தக் கேள்வி, என்ன பதில், எந்தச் சொல் என்பதை அன்றே எழுதி வைத்துக்கொள்வது பின்னர் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கப் பயன்படும்.

வசிப்புரிமை வழங்கப்படும் நாளில் திருமணமாகி 2 ஆண்டுகள் நிறையாதவர்களுக்கு, 2 ஆண்டுகள் மட்டும் செல்லுபடியாகும் நிபந்தனையுடன் கூடிய அட்டையே கிடைக்கும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். அப்போது மீண்டும் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால், மொழிபெயர்ப்பாளரை மறுபடியும் ஏற்பாடு செய்து, ஜி-1256 படிவத்தில் புதிதாகக் கையெழுத்திட வேண்டும்.